பதிவேட்டில் ‘மறுப்பு’: தென்கடல் கரையில் தடைபட்ட ஒரு தடுப்பூசித் தொடர்

இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட தென்கடல் கரையில் உள்ள ஒரு மீனவக் குக்கிராமத்தில், 2023 மே மாதம் தொடங்கி 2024 செப்டம்பர் வரை ஒரு குடும்பத்தில் நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அக்காலத்தில் அப்பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலராக இருந்தேன். குடும்பத்தாரின் இசைவு பெற்றே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டிருக்கிறேன். தடுப்பூசிப் பணியில் இருக்கும் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்புலம்

குடும்பத்தில் ஐந்து பேர். தந்தை விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு என்பதால், ஆண்டுதோறும் அந்நாட்களில் அவர் கேரளக் கரைக்குச் சென்று அங்குள்ள படகுகளில் வேலை செய்கிறார். தாய் பாசிக்குப் போகிறவர்: அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களில் விடியுமுன் மற்றப் பெண்களோடு வள்ளத்தில் ஏறி, கண்ணுக்குக் கண்ணாடியும் விரல்களுக்குத் துணிச் சுற்றுமாக நீரில் மூழ்கிக் கடற்பாசி பறித்து, நண்பகல் கடந்தே கரை திரும்புவார். தென்கடல் அடங்கியிருக்கும் வாடைக் காலமே அவருக்குப் பெரிய வருமானக் காலம். மாமியார் கருவாடு காயப்போடுவதோடு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார்.

மூத்த பெண் குழந்தை 2020 சனவரியில் பிறந்தவள். ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வரை அவளுக்கு எல்லாம் உரிய காலத்தில் போடப்பட்டிருந்தன. 16 மாதம் முடிந்தபின் போட வேண்டிய ஊசிகளுக்கான நேரம் 2021 மே மாதத்தில், கொரோனா முழு ஊரடங்கின்போது வந்தது. அப்போது தவறியவை பிறகு யாராலும் கேட்கப்படவில்லை. ‘ஒன்பதாம் மாச ஊசியோட முடிஞ்சுச்சு’ என்பதே வீட்டாரின் எண்ணமாக இருந்தது. இந்த எண்ணம் அக்கரையில் பரவலாக உண்டு. மகப்பேறு நிதியுதவியின் தவணைகளும் ஏறத்தாழ அந்த வயதோடு முடிந்துவிடுவதால், அரசே அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டதாக மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆய்வுக்குரிய ஆண் குழந்தை 2023 மார்ச் நடுவில் அரசு மருத்துவமனையில் பிறந்தான். காசநோய்க்கான ஊசி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மஞ்சள் காமாலை-பி ஊசி ஆகிய மூன்றும் அங்கேயே கொடுக்கப்பட்டன. குடும்பத்தார் எதற்கும் தயங்கவில்லை.

நோய் வருமுன் காப்பதில் இவர்களுக்கு அக்கறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது என்பதையும் பின்புலத்தில் சேர்த்தே எழுத வேண்டும். குழந்தையின் கையில் வசம்பு வளையம் இருந்தது. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றை உரைகல்லில் இழைத்து, செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் நாக்கில் தடவும் பொறுப்பை மாமியார் ஏற்றிருந்தார். உரைகல்லின் தூய்மை குறித்தும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது குறித்தும் எனக்குச் சொல்ல வேண்டியவை இருந்தன. ஆயினும் ஒரு குழந்தையின் பொருட்டு வாரம் இருமுறை, மாதக்கணக்கில், கிழமை மறவாமல் ஒன்றைச் செய்கிற வீடு அது.

முதல் ஊசியும் அன்றைய இரவும்

(இப்பகுதியில் உள்ளவற்றை நான் ஒன்பது மாதம் கழித்தே தாயின் வாயால் கேட்டறிந்தேன். காலவரிசைக்காக இங்கே வைக்கிறேன்.)

அக்கிராமத்தின் தடுப்பூசி நாள் மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை. 2023 மே 10 அன்று, எட்டு வாரக் குழந்தைக்கு ஐந்து நோய்த் தடுப்பூசியான பென்டாவின் முதல் தவணையும், போலியோ, நிமோனியா ஆகியவற்றுக்கான ஊசிகளும், போலியோ மற்றும் ரோட்டா சொட்டு மருந்துகளும் கொடுக்கப்பட்டன. கூட்டம் மிகுந்த நாள் அது. ஊசி போட்டபின் பெற்றோரிடம் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது பணி விதி: எந்த ஊசி, எந்த நோய்க்கு; என்ன பக்கவிளைவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த முறை கொண்டுவர வேண்டும். அன்று தாயின் காதில் விழுந்தது மூன்றாவது செய்தி மட்டுமே. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் அன்று கையிருப்பில் இல்லை.

இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சல் ஏறியது. ஊசி போட்ட தொடை சிவந்து தடித்தது. குழந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் வீறிட்டது. பென்டாவில் உள்ள கக்குவான் தடுப்புக் கூறு இத்தகைய காய்ச்சலையும் அழுகையையும் உண்டாக்கக்கூடும் என்பதும், அவை பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்பதும் எங்களுக்குப் பழகிய செய்தி. அந்தத் தாய்க்கு அது தெரியாது. கணவர் கேரளத்தில் கடலில் இருந்தார், அலைபேசி கிடைக்கவில்லை. நள்ளிரவில் அண்டை வீட்டாரின் உதவியோடு ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் போனார்கள். ஆட்டோவுக்கும் மருத்துவத்துக்குமாக இரண்டாயிரம் ரூபாய் செலவானது; அத்தொகை கைமாற்றாக வாங்கியது. அங்கும், இது ஊசியின் இயல்பான விளைவு என்று யாரும் விளக்கவில்லை.

மறுநாள் கரையேறிய கணவர் அலைபேசியில், ‘இனிமே அந்த ஊசி வேணாம். நான் ஊர்ல இல்லாதப்ப புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?’ என்று கேட்டிருக்கிறார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸப்பில் பரவிய வதந்திகளும் அவர் நினைவில் இருந்தன. அவருடைய தம்பி அப்போது பள்ளி மாணவர். ஆனால் அந்த வதந்திகள் தாமாக அவரைத் தடுக்கவில்லை. மூத்த மகளுக்கு அதே ஊசி அதற்குப் பின்னர் எவ்வித எதிர்ப்புமின்றிப் போடப்பட்டிருக்கிறது. மே 10 இரவுதான் பழைய வதந்திக்கு உயிர் கொடுத்தது.

பதிவேடு சொன்னதும் சொல்லாததும்

ஜூன் மாதம் குழந்தை வரவில்லை. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே மாமியார், ‘எங்க வீட்டு ஆம்பள வேணாம்னுட்டாரு, நர்சம்மா’ என்று சொல்லிவிட்டார். செவிலியர் பதிவேட்டில் ‘பெற்றோர் மறுப்பு’ என்று எழுதினார். சொன்னதைத்தான் அவர் எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனெனில் ஜூலையிலும் ஆகஸ்டிலும், அதன்பின் சனவரி வரையிலும் அதே சொல் அதே கட்டத்தில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. மாதக் கடைசியில் அப்பதிவேட்டில் கையெழுத்திட்டவள் நான். எட்டு மாதங்கள், எட்டுக் கையெழுத்துகள். ஒருமுறைகூட ‘ஏன்’ என்று நான் கேட்கவில்லை. ‘மறுப்பு’ என்ற சொல் விசாரணையை முடித்துவைத்துவிடுகிறது. ‘வரவில்லை’ என்றிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன்.

மகப்பேறு நிதியுதவியில் தடுப்பூசித் தவணைகளோடு இணைந்த தொகையையும் இக்குடும்பம் இழந்துகொண்டிருந்தது. பணத்தைக்கூட வேண்டாமென்று விட்டிருக்கிறார்களே, அச்சம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு வந்திருக்க வேண்டும். ‘பிடிவாதக்காரர்கள்’ என்ற எண்ணமே வந்தது.

2024 பிப்ரவரி: தட்டம்மை ஐயம்

அதே தெருவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வெளியூர் உறவினர் வீட்டிலிருந்து திரும்பிய சில நாட்களில், சனவரி 29 அன்று காய்ச்சல், இருமல், கண் சிவப்பு ஆகியவற்றோடு படுத்தான். பிப்ரவரி 1 அன்று முகத்தில் தொடங்கி உடலெங்கும் தடிப்பு பரவியது. ஊரார் அதை மணல்வாரி என்றார்கள். மறுநாள் செவிலியர் தகவல் தந்தார். தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தட்டம்மை மற்றவருக்குப் பரவும் என்பதால், நாங்கள் அறியும் முன்பே தெருவில் உள்ள குழந்தைகள் நோய்க்கு ஆட்பட்டிருக்க வேண்டும். தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றக்கூடிய நோய் இது. தெருவில் உள்ள சிறு குழந்தைகளின் பட்டியலை எடுத்தபோது, ‘மறுப்பு’ என்ற குறிப்போடு ஐந்து வீடுகள் இருந்தன. இக்குழந்தையின் வீடு, நோய்ப்பட்ட சிறுவனின் வீட்டிலிருந்து மூன்றாவது.

வீட்டில் கேட்டவை

பிப்ரவரி 3, சனிக்கிழமை பிற்பகல் செவிலியரோடு அந்த வீட்டுக்குப் போனேன். தடுப்பூசியின் நன்மைகளை எடுத்துச்சொல்வதற்கான பேச்சு என்னிடம் ஆயத்தமாக இருந்தது. அதைத் தொடங்குமுன், ‘போன வருசம் முதல் ஊசி போட்ட அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?’ என்று செவிலியர் கேட்டார். அக்கேள்வி அவருடையது, என்னுடையதன்று. மேலே எழுதிய மே 10 இரவு முழுவதையும் தாய் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இடையில் அவர் அழுதார். மாமியார் அவர் தோளில் கைவைத்து, ‘அன்னைக்கு நாங்க பட்டது கடலுக்கே தெரியும், டாக்டரம்மா’ என்றார்.

அதன்பின் நான் கேட்டேன்: ‘காய்ச்சல் வரும், பயப்பட வேணாம்னு முன்னாடியே சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?’

‘மாத்திரையக் குடுத்துட்டு விடிய விடிய உக்காந்திருப்பேன். ஊருக்கெல்லாம் வர்றதுதானே’ என்றார் தாய்.

அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. டிசம்பரிலேயே ஒன்பதாம் மாத ஊசிக்கு வருவதாகத்தான் அவர் முடிவு செய்திருந்தார்; அச்சம் அதற்குள் பாதி தணிந்திருந்தது, கணவரும் அரை மனதாக இசைந்திருந்தார். ‘நீங்க வர்ற புதன்கிழம எல்லாம் பாசி நாளா வந்துச்சு. போகாம இருந்தா அடுத்த நாளுக்கு வள்ளத்துல இடம் கிடைக்காது. சாயங்காலம் வந்து பாத்தா நீங்க பொட்டியக் கட்டிட்டுப் போயிருப்பீக.’

புதன்கிழமையும் அமாவாசையும்

அன்று இரவு நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். 2023 அக்டோபர் மாத இரண்டாம் புதன் 11ஆம் தேதி, அமாவாசை 14. டிசம்பரில் இரண்டாம் புதன் 13. அமாவாசை அதற்கு முந்தைய நாள். 2024 சனவரியில் இரண்டாம் புதன் 10, அமாவாசை மறுநாள். நவம்பரில் மட்டுமே மோதல் இல்லை. அம்மாதம் குழந்தைக்குச் சளி என்பதால் வரவில்லை என்று தாய் சொன்னார். சாதாரணச் சளி தடுப்பூசிக்குத் தடையன்று, ஆனால் அதையும் அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இது தற்செயலா என்ற ஐயம் எனக்கு இருந்தது. கணக்குப் போட்டால் விடை தெளிவாக இருக்கிறது. ஓர் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 29½ நாட்கள். ஒரு மாதத்தின் இரண்டாம் புதனுக்கும் அடுத்த மாதத்தின் இரண்டாம் புதனுக்கும் இடையே 28 நாட்கள் அல்லது 35 நாட்கள். பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நடையில் நகர்கின்றன. ஆகவே ஊசி நாள் ஒரு மாதம் பாசி நாளோடு மோதினால், அடுத்தடுத்த மாதங்களிலும் மோதவே வாய்ப்பு அதிகம்; விலகியிருந்தால் சில மாதங்கள் விலகியே இருக்கும். கடலோரத்தில் மாதத்துக்கு ஒரு கிழமையை நிலையாக வைப்பது, சில தாய்மாரைத் தொடர்ந்து மாதக்கணக்கில் வெளியே நிறுத்துவதற்குச் சமம். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை. அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது.

ஆக, ‘மறுப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருந்தன. மே முதல் செப்டம்பர் வரை அச்சம். அக்டோபரிலிருந்து, நவம்பர் நீங்கலாக, பாசி நாள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, புதன்கிழமைக்குக் காத்திராமல் பிப்ரவரி 5, திங்கள் மாலை நான்கு மணிக்கு அங்கன்வாடித் திண்ணையில் தனி அமர்வு வைப்பது. வைட்டமின் ஏ திரவமும் குளிர்ப்பெட்டியில் ஊசிமருந்தும் கொண்டுபோனோம். தட்டம்மை-ரூபெல்லா மருந்துக் குப்பியில் ஐந்து அல்லது பத்துத் தவணைகள் இருக்கும். கலக்கியபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் எறிந்துவிட வேண்டும். இதனால் ஒன்றிரண்டு குழந்தைகளுக்காகக் குப்பியைத் திறக்கப் பணியாளர்கள் தயங்குவது வழக்கம். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறக்கலாம் என்பதே விதி என்று எழுத்தாகவே கொடுத்தேன்.

இரண்டாவது, தந்தையிடம் நேரில் பேசுவது. ஞாயிறு காலை படகு கரைக்கு வந்ததும் செவிலியர் துறைக்கே போய்ப் பேசினார். தந்தை கேட்டது ஒன்றுதான்: ‘அன்னைக்கு மாதிரி ராத்திரியில காய்ச்சல் வந்தா யாருக்குப் போன் பண்றது?’ செவிலியர் தம் எண்ணையும் என் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அவர் இசைந்தார்.

மூன்றாவது முடிவே விவாதத்துக்குரியது. விடுபட்ட தொடரை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஓராண்டுக்குள் பென்டா தொடங்கப்பட்டிருந்தால் எஞ்சிய தவணைகளைத் தடையின்றி முடிக்கலாம். தட்டம்மை ஊசியையும் பென்டாவையும் ஒரே நாளில் வெவ்வேறு இடங்களில் போடலாம். வரவேண்டியவை எல்லாவற்றையும் ஒரே வருகையில் போட்டுவிடுவதே பரிந்துரை. நான் அவ்வாறு செய்யவில்லை. குடும்பம் அஞ்சியது பென்டாவை. தெருவில் வந்திருந்ததோ தட்டம்மை. முதல் நாளிலேயே அதே காய்ச்சல் இரவு திரும்ப வந்தால் கதவு மறுபடி சாத்தப்படும் என்று எண்ணி, அன்று தட்டம்மை-ரூபெல்லா ஊசி, போலியோ சொட்டு மருந்து, ஒரு லட்சம் அலகு வைட்டமின் ஏ ஆகியவற்றை மட்டும் கொடுத்து, பென்டாவையும் மற்றவற்றையும் பிப்ரவரி 14 புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். தை அமாவாசை பிப்ரவரி 9 அன்று முடிந்துவிடுவதால் 14ஆம் தேதி பாசி நாள் அல்ல. மூத்த பெண்ணுக்கு விடுபட்டிருந்த இரண்டாம் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் தொண்டை அடைப்பான், கக்குவான், இரணசன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு ஊக்க ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் திங்களன்றே கொடுக்கப்பட்டன.

திங்கள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வரவில்லை. தாய் மறுநாள் காலை தாமே செவிலியரை அழைத்துச் சொன்னார்.

பிப்ரவரி 14 அன்று குழந்தையின் எடை 7.8 கிலோ, அவ்வயதுக்குக் குறைவு. பென்டா இரண்டாம் தவணை முதலியவை போடுமுன், இன்று இரவு காய்ச்சல் வரக்கூடும், தொடை தடிக்கக்கூடும், ஒரு சிறு கட்டி சில வாரம்கூட இருந்து தானே கரையும் என்று மூவரிடமும் சொன்னோம். ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுத்து, அதன் குழலில் ஒரு மில்லி அளவில் நூல் கட்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று காட்டினோம். அரைமணி நேரம் உட்காரவைத்து அனுப்பினோம். இரவு காய்ச்சல் வந்தது. எட்டு மணிக்குச் செவிலியரே அழைத்துக் கேட்டார். மறுநாள் காலை வீட்டுக்குப் போனபோது காய்ச்சல் தணிந்திருந்தது. மாமியார் தேநீர் கொடுத்தார்.

பதினொன்றாம் நாள்

பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை காலை குழந்தைக்கு மீண்டும் காய்ச்சல் கண்டது. மாலையில் மார்பிலும் முதுகிலும் இலேசான தடிப்பு. வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. ‘ஊசியே அம்மையக் கொண்டுவந்துருச்சு’ என்ற பேச்சு ஒரு மணி நேரத்தில் தெருவைச் சுற்றி வந்தது.

என் பிழை இங்கேதான் இருக்கிறது. தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் பின் காய்ச்சலும் சில குழந்தைகளுக்கு இலேசான தடிப்பும் அன்றே வருவதில்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு நாட்களுக்குள் வருகின்றன. அதை நான் அறிவேன். அறிந்திருந்தும், பென்டாவை ஒன்பதாம் நாளில் வைத்து இரண்டு ஊசிகளின் காய்ச்சலையும் ஒரே வாரத்தில் சந்திக்கச் செய்துவிட்டேன். திங்கட்கிழமை ஊசிக்குரிய காலந்தாழ்ந்த காய்ச்சலைப் பற்றிக் குடும்பத்திடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ‘இந்த ஊசிக்கு ராத்திரி காய்ச்சல் வராது’ என்று மட்டும் சொன்னோம். அது உண்மைதான், ஆனால் பாதி.

நிலைமையை மேலும் கடினமாக்கியது மற்றொன்று. அதே தெருவில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்குப் பிப்ரவரி 12 அன்று தட்டம்மைத் தடிப்பு தோன்றியிருந்தது. ஊசிக்குரிய ஒன்பது மாத வயதை எட்டாத குழந்தை. சுற்றியுள்ளவர்களின் தடுப்பாற்றல் மட்டுமே அவளைக் காத்திருக்க முடியும். 15ஆம் தேதி நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்கவே (அவ்வயதில் 50ஐ எட்டினாலே அபாயம்) நிமோனியா என்று மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அடுத்தடுத்த இரு நாட்கள் வைட்டமின் ஏ உள்ளிட்ட சிகிச்சை பெற்று ஆறாம் நாள் அவள் வீடு திரும்பினாள்.

ஆகவே நம் குழந்தையின் தடிப்பு ஊசியினாலா, உண்மையான தட்டம்மையா என்பதை எடுத்த எடுப்பில் சொல்ல முடியவில்லை. நோயாளியோடு தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால்தான் ஊசி அந்தத் தொற்றைத் தடுக்கும் வாய்ப்பு நல்லது. திங்கட்கிழமை அந்தக் கெடு கடந்திருக்கலாம். அண்மையில் ஊசி போட்ட குழந்தையின் இரத்தத்தில் தட்டம்மைக்கான எதிர்ப்பொருள் காணப்படும் என்பதால் வழக்கமான பரிசோதனையும் இவ்விரண்டைப் பிரித்துக் காட்டாது. கண்காணிப்பு விதிப்படி இரத்தம் எடுத்து அனுப்பினோம். ஆனால் குறிகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருந்தது. இருமல் இல்லை, மூக்கொழுகல் இல்லை, கண் சிவக்கவில்லை, கன்னத்தின் உட்புறத்தில் வெண்புள்ளிகள் இல்லை, மூச்சு நிமிடத்துக்கு 38.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குப் போய், நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை என்று முதலில் ஒப்புக்கொண்டேன். தந்தையும் வீட்டில் இருந்தார். வேப்பிலையை எடுக்கச் சொல்லவில்லை; அது குழந்தைக்கு ஒரு தீங்கும் செய்யாது, அதைப் பற்றிப் பேசியிருந்தால் மற்றதைப் பேச முடியாமல் போயிருக்கும். தாய்ப்பால், கஞ்சி, தண்ணீர் எதையும் நிறுத்தக் கூடாது. காய்ச்சலுக்குக் கட்டிய நூல் அளவே மருந்து. மூச்சு வேகமானால், பால் குடிக்க மறுத்தால் அந்நேரமே அழைக்க வேண்டும் என்றேன். மூச்சு எண்ணுவதை மாமியார் கற்றுக்கொண்டார். சனி, ஞாயிறு இரு நாட்களும் செவிலியர் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தார். ஞாயிறு மாலை காய்ச்சல் இல்லை, தடிப்பும் மங்கிவிட்டது. ஊசியின் விளைவே என்று முடிவு செய்தேன். குறிகள் அந்தப் பக்கமே சாய்ந்தன. மிக இலேசான தட்டம்மையாக இருந்திருக்கும் வாய்ப்பை முற்றிலும் விலக்கிவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

தொடர்ந்து நடந்தவை

பென்டா மூன்றாம் தவணைக்குக் குறைந்தது நான்கு வார இடைவெளி வேண்டும். மார்ச் 13 புதன்கிழமை அதற்குரிய நாள். ஆனால் அம்மாத அமாவாசை 10ஆம் தேதி. 13 அன்று பெண்கள் கடலில் இருப்பார்கள். அமர்வை மார்ச் 20க்கு மாற்றினோம். தாயே குழந்தையைக் கொண்டுவந்தார். அன்று காய்ச்சல் இலேசாக வந்தது. எங்களை அழைக்காமல் அவரே பார்த்துக்கொண்டார், காலையில் தகவல் மட்டும் சொன்னார்.

ஏப்ரலில் தந்தை வழக்கம்போல் கேரளத்துக்குப் போனார். ஆகஸ்டில் வைட்டமின் ஏ இரண்டாம் தவணை, இரண்டு லட்சம் அலகு, கொடுக்கப்பட்டது. பென்டா மூன்றாம் தவணைக்கும் முத்தடுப்பு ஊக்க ஊசிக்கும் இடையே ஆறு மாதம் வேண்டும் என்பதால் 2024 செப்டம்பர் 25 வரை காத்திருந்து, பதினெட்டு மாதம் நிறைந்த குழந்தைக்கு அதையும் இரண்டாம் தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் ஒரே நாளில் போட்டோம். இம்முறை இரண்டு காய்ச்சல்களைப் பற்றியும் சொன்னோம்: ஒன்று அன்றிரவு, மற்றொன்று அடுத்த வாரம். தாய் அட்டையின் பின்புறத்தில் இரண்டு தேதிகளையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

ஒரே சூழல் திரும்ப வந்தால் பிப்ரவரி 5 அன்றே எல்லா ஊசிகளையும் போடும் வாய்ப்பைத் தாயின் முன் வைத்து, இரு வகைக் காய்ச்சலையும் விளக்கி, முடிவை அவரிடமே விடுவேன். பிரித்துப் போடலாம் என்று அவருக்காக நானே முடிவெடுத்தது, அவரை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை என்பதையே காட்டுகிறது. முதல் ஊசி போட்ட வீட்டுக்கு அன்றிரவு ஓர் அழைப்பும் மறுநாள் ஒரு வருகையும் இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கே இடமிருந்திருக்காது. இப்போது எங்கள் நிலையத்தில் முதல் பென்டா தவணைக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். பாராசிட்டமால் கையில் இல்லாமல் அமர்வைத் தொடங்குவதில்லை.

கடலோரக் குக்கிராமங்களுக்கான அமர்வு நாளை ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் பாசிக்குப் போகும் பெண்களில் இருவரை வைத்துக்கொண்டு நாட்காட்டி பார்த்துக் குறிக்கிறோம். கிழமை புதனாகவே இருக்கிறது. எந்தப் புதன் என்பது மாறுகிறது. இதற்கு மருந்து வந்துசேரும் ஏற்பாட்டையும் மாற்ற வேண்டியிருந்ததால் முதலிரண்டு மாதங்கள் குழப்பம் நேர்ந்தது. ஒருமுறை குளிர்ப்பெட்டி பழைய தேதிக்கே வந்துநின்றது.

பதிவேட்டில் ‘மறுப்பு’ என்று எழுதுவதை நிறுத்தி, வீட்டார் சொன்ன காரணத்தை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். அவ்வாறு எழுதத் தொடங்கியபின், அத்தெருவில் ‘மறுப்பு’ என்றிருந்த மற்ற நான்கு வீடுகளில் ஒன்று ஊரைவிட்டே போயிருந்தது தெரிந்தது. ஒரு வீட்டில் அட்டை தொலைந்திருந்தது, திட்டுவார்கள் என்று அஞ்சி வராமல் இருந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் பாசி நாள். நான்காவது வீட்டில் தந்தை ஊசியே கூடாது என்று உறுதியாக இருக்கிறார். அவரோடு மூன்று முறை பேசியிருக்கிறேன். அவருடைய மகளுக்கு இதை எழுதும் நாள் வரை ஊசி போடப்படவில்லை. செவிலியர் மாதந்தோறும் அந்த வீட்டுக்குப் போய் எடை பார்த்து, இரும்புச்சத்து மருந்து கொடுத்து வருகிறார். அதை அவர் தடுப்பதில்லை.